ஊதா மூடி டியூபுக்குள் மூளை வராது

ஜூலை பிறந்துவிட்டால் காட்கோபரில் எனக்குத் திடீர் மவுசு. மற்ற மாதங்களில் மாடிப்படியில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறவர்கள், மழை பிடித்ததும் நிறுத்தி வைத்து மொபைலை நீட்டுவார்கள். நேற்று ஒரு லட்சத்து இருபதாயிரம், இன்று எண்பத்தைந்தாயிரம், அட்மிட் பண்ணணுமா? நான் டாக்டர் இல்லை. ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் டெக்னீஷியன். ஆனால் மழைக்காலத்து மும்பையில் பிளேட்லெட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் யார் நின்றாலும் அவர் பாதி டாக்டர்தான்.

ஊதா மூடி போட்ட டியூபில் ரத்தம் வரும். செல் கவுண்டரில் வைத்தால் ஒரு நிமிடத்தில் எண் வந்துவிடும். அந்த எண் வாட்ஸ்அப் ஏறித் திருநெல்வேலி வரை போகும். அங்கிருந்து பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் கசாயம் என்று பதில் வரும். இங்கே ஸ்டேஷன் பக்கத்துப் பழ வண்டிகளில் கிவி விலை ஏறும். சில ரத்தங்களில் பிளேட்லெட்கள் டியூபுக்குள்ளேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெஷின் அந்தக் கொத்தைச் சரியாக எண்ணாமல் குறைத்துச் சொல்லும். அப்போதெல்லாம் ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணால் பார்க்க வேண்டும். இது யாருக்கும் தெரிவதில்லை. ரத்தக்கசிவு இல்லாத டெங்கு நோயாளிக்குப் பத்தாயிரத்துக்குக் கீழே போனால்தான் பிளேட்லெட் ஏற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது நம் நாட்டு வழிகாட்டியில் இருக்கிறது, அதுவும் தெரிவதில்லை. டெங்குவில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழுவதுதான். அதை முன்கூட்டிக் காட்டுவது அதே ரிப்போர்ட்டில் இரண்டு வரி தள்ளி இருக்கும் ஹீமட்டோக்ரிட். அதைப் பற்றிக் கேட்டு ஒருவரும் என்னை நிறுத்தியதில்லை.

சரி, புலம்பல் போதும். போன மழைக்காலம் முடிந்த பிறகு காமராஜ் நகர் அக்கா ஒருவர் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

"தம்பி, டெங்கு வந்து போயி ரெண்டு மாசம் ஆவுது. பயலுக்குப் படிச்சது மனசுல நிக்கவே மாட்டேங்கு. காய்ச்ச மூளைக்கு ஏறிட்டோ? இன்னொருக்கா பிளேட்லெட் எடுத்துப் பாத்தா தெரியுமா?"

இரண்டாவது கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிட்டேன்: தெரியாது அக்கா. முதல் கேள்விக்கு நின்ற இடத்தில் பதில் சொல்ல முடியவில்லை. அது இவ்வளவு நீளமாக வந்திருக்கிறது.

என் மேசைக்கு வருவது ரத்தம். மூளையில் நடப்பது ரத்தத்தில் அப்படியே தெரியாது, ஏனென்றால் இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. 1913-இல் எட்வின் கோல்ட்மன் என்ற ஜெர்மானியர் ட்ரிப்பன் புளூ என்ற சாயத்தை விலங்கின் ரத்தத்தில் ஏற்றினார். ஈரல், சிறுநீரகம், தோல் எல்லாம் நீலமானது. மூளை வெள்ளையாகவே இருந்தது. அதே சாயத்தை மூளையைச் சூழ்ந்திருக்கும் தண்டுவட நீரில் செலுத்தினார். இப்போது மூளை நீலமானது, உடம்பு ஆகவில்லை. மூளைக்குள் ஓடும் நுண் ரத்தக் குழாய்களின் உட்சுவர்ச் செல்கள் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று தைக்கப்பட்டிருக்கின்றன என்பது பிறகு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்ததும் தெளிவாயிற்று. அந்தக் குழாயைப் பெரிசைட் என்ற செல்கள் அணைத்துக்கொண்டிருக்கும். அதற்கும் வெளியே ஆஸ்ட்ரோசைட் செல்கள் தங்கள் பாதங்களைப் பதித்து நிற்கும். குளுக்கோஸ் மாதிரி வேண்டியதற்குத் தனி வாசல். மற்றதில் பெரும்பாலானவை வெளியே.

மும்பை சொசைட்டிகளில் கேட்டில் வாட்ச்மேன் இருப்பார், ரிஜிஸ்டர் இருக்கும், பேர் எழுதாமல் விடமாட்டார். ஆனால் பிளாட்காரரோடு பேசிக்கொண்டே உள்ளே நடக்கிறவரை அவர் தடுப்பதில்லை. பின்பக்கச் சுவர் ஏறுகிறவரைப் பார்ப்பதில்லை. வாட்ச்மேனையே கைக்குள் போட்டுக்கொண்டால் கேள்வியே இல்லை. கொசு வழி வரும் வைரஸ்கள் மூளைக்குள் போகும் வழிகளாக ஆய்வாளர்கள் சொல்வதும் ஏறக்குறைய இவைதான். வெள்ளணுக்குள் ஒளிந்துகொண்டு அதோடு சேர்ந்து நுழைவது ஒன்று. மூக்கின் மேல்பகுதியில் இருக்கும் வாசனை நரம்பு, கைகால் நரம்பு வழியாக ரத்தத்தைத் தொடாமலே ஏறுவது இன்னொன்று. குழாயின் உட்சுவர்ச் செல்லையே தொற்றி மறுபக்கம் இறங்குவது மூன்றாவது.

எது முதலில் என்பதில் இன்னும் சண்டை இருக்கிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸைச் சுண்டெலிகளில் ஆராய்ந்த சீனக் குழு ஒன்று 2015-இல் ஒரு முடிவைச் சொன்னது: சுவர் உடைந்ததால் வைரஸ் நுழையவில்லை, வைரஸ் முதலில் நுழைந்துவிட்டது, உள்ளே அழற்சி கிளம்பியது, அதன் ரசாயனங்கள்தான் பிறகு சுவரை உள்பக்கத்திலிருந்து இளக்கின. 2019-இல் சிங்கப்பூர் டியூக்-என்.யு.எஸ். ஆய்வாளர்கள் வேறு ஒரு கையைக் காட்டினார்கள். நம் உடம்பின் மாஸ்ட் செல்கள் (அலர்ஜி வந்தால் தடிப்பும் அரிப்பும் தருகிற அதே செல்கள்) கைமேஸ் என்ற நொதியைக் கக்குகின்றன. அது சுவரின் தையல் புரதங்களை வெட்டுகிறது. அந்த நொதியைத் தடுத்தால் எலியின் மூளைக்குள் போகும் வைரஸ் குறைகிறது. இரண்டு முடிவுகளும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டுதான் நிற்கின்றன. எனக்கு இந்த மாதிரி முடியாத சண்டைகள் பிடிக்கும்.

நம் ஊர் மலேரியாவையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஃபால்சிபாரம் மலேரியா மூளையைத் தாக்கும், கோமா வரும். ஆனால் அந்த ஒட்டுண்ணி சுவரைத் தாண்டுவதே இல்லை. தொற்றிய சிவப்பணுக்கள் மூளையின் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டி அடைத்துக்கொள்கின்றன, மூளை வீங்குகிறது. வெளியே நின்றபடியே உள்ளே இருப்பதைக் கெடுக்கிற வித்தை. டெங்குவிலும் இப்படி நடக்கும். வைரஸ் மூளைக்குள் கால் வைக்காமலே ரத்த அழுத்தம் விழுந்து, ஈரல் கெட்டு, சோடியம் குறைந்து, ரத்தம் கசிந்து நினைவு தடுமாறலாம். சில நோயாளிகளில் வைரஸே நேராக உள்ளே போயும் இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிற அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான்: பிள்ளை கண்ணைச் செருகுகிறான்.

இரண்டையும் பிரித்தறிய முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுக்க வேண்டும். இடுப்புக்கு மேலே ஊசி போட்டு எடுத்தால் கால் விளங்காமல் போகும் என்ற பயம் நம் ஜனங்களிடம் அசைக்க முடியாமல் இருக்கிறது. பலர் கையெழுத்துப் போட மறுத்துவிடுவார்கள். அந்தச் சில சொட்டில் என்ன இருக்கிறது? ஐ.ஜி.எம். என்ற பெரிய எதிர்ப்புப் புரதம் சுவரைத் தாண்டி மூளைப்பக்கம் எளிதில் போகாது. ஆகவே தண்டுவட நீரில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான ஐ.ஜி.எம். இருந்தால், அது மூளைப்பக்கமே உற்பத்தியானது என்று கொள்ளலாம். ரத்தத்தில் மட்டும் இருந்தால் பழைய தொற்றாகவோ, போட்ட தடுப்பூசியின் மிச்சமாகவோ இருக்கக்கூடும். இந்தச் சோதனைக்கான எலைசா கிட்டை புனேயில் இருக்கும் தேசிய வைராலஜி நிறுவனம் தயாரித்து நாடு முழுவதும் அனுப்புகிறது. நம்மைத் தடுக்கிற சுவரையே துப்பறிய வைத்துக்கொண்ட யோசனை இது. யார் முதலில் நினைத்தார்களோ, அவர்களுக்கு ஒரு கும்பிடு.

புனேயைச் சொன்னதும் பம்பாய்க்கு வந்துவிடலாம். மும்பைக்காரர்கள் பலருக்குத் தெரியாத சேதி ஒன்று: வெஸ்ட் நைல் வைரஸ் இந்தியாவில் உலவியதற்கான முதல் தடயம் கிடைத்தது இந்த நகரத்தில். 1952-இல் பேங்கர் என்பவர் பம்பாய்வாசிகளின் ரத்தத்தைச் சோதித்து அதில் அந்த வைரஸுக்கான எதிர்ப்புப் புரதங்கள் இருப்பதை எழுதினார். அதே ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து புனேயில் வைரஸ் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கின. அதுதான் 1978-இல் தேசிய நிறுவனமானது. தொடங்கிய கையோடு ஸ்மித்பர்ன், கெர், கட்னே மூவரும் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து ரத்தம் சேர்த்து வைரஸ் வைரஸாகச் சோதித்தார்கள். 1954-இல் வந்த அவர்கள் கட்டுரையில், ஜிகாவுக்குச் சோதித்த 196 பேரில் 33 பேருக்கு எதிர்ப்பு இருந்தது என்று இருக்கிறது. அன்றைய பம்பாய் மாநிலத்தின் பரூச் மாவட்டமும் ரத்தம் எடுத்த இடங்களில் ஒன்று.

அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். ரத்தத்தின் சீரத்தோடு வைரஸைக் கலந்து சுண்டெலியின் மூளைக்குள் ஊசியால் போடுவார்கள். எலி செத்தால் அந்த மனிதருக்கு எதிர்ப்பு இல்லை, பிழைத்தால் இருக்கிறது. இன்று என் மேசையில் மெஷின் செய்கிற வேலையை அன்று ஒரு எலியின் மூளை செய்தது. அந்த 33-ஐ முழுசாக நம்பலாமா? டெங்கு, ஜிகா, வெஸ்ட் நைல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எல்லாம் ஒரே ஃபிளேவி குடும்பம். ஒன்றுக்காக உண்டான எதிர்ப்புப் புரதம் மற்றதையும் பிடித்து இழுக்கும். இன்றைய எலைசாவிலும் இந்தத் தலைவலி தீரவில்லை. அதனால் அந்த எண்ணை நான் ஒரு சந்தேகத்தோடுதான் வாசிக்கிறேன்.

ஜிகாவே எலி மூளையில்தான் முதலில் வெளிப்பட்டது. 1947-இல் உகாண்டாவின் எண்டெபே அருகே ஜிகா காட்டில், மஞ்சள் காய்ச்சலைக் கண்காணிக்கக் கூண்டில் வைத்திருந்த 766-ஆம் எண் குரங்குக்குக் காய்ச்சல் கண்டது. அதன் சீரத்தை எலிகளின் மூளையில் போட்டார்கள், எலிகள் நோயுற்றன, மூளையைக் கரைத்துப் பார்த்தால் புது வைரஸ். 1952-இல் டிக் அதை விவரித்தபோதே எலிகளில் அந்த வைரஸ் மூளையை நாடுவதை எழுதிவிட்டார். அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஜிகா என்றால் லேசான காய்ச்சல், தோலில் தடிப்பு என்றே பாடம் சொன்னார்கள். 2013-14-இல் பிரெஞ்சு பாலினீசியாவில் ஜிகாவுக்குப் பின்னால் கைகால் விழுந்து கில்லான்-பாரே நோயாளிகளாக 42 பேர் வந்தார்கள். 2015-இல் பிரேசிலில் சிறிய தலையோடு குழந்தைகள் பிறக்க, 2016 பிப்ரவரி 1 அன்று உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை அறிவித்தது. எலி சொன்னதை நாம் கேட்டுக்கொள்ளவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எலி மூளையில் வளர்க்கிற எல்லா வைரஸும் அப்படித்தான் செய்யும் என்று அலட்சியமாக விட்டிருப்பார்கள்.

பிறகு வேலை வேகமாக நடந்தது. அந்த மார்ச் மாதமே, கருவின் மூளையை உருவாக்கும் நரம்பு முன்னோடிச் செல்களை ஜிகா தேடிப்போய்த் தொற்றுகிறது என்று அமெரிக்காவில் ஹெங்லி டாங், ஹாங்ஜுன் சாங், குவோ-லி மிங் குழுக்கள் காட்டின. ஏன் அந்தச் செல்கள்? 2017-இல் கேம்பிரிட்ஜ் குழு ஒரு காரணம் சொன்னது; அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் பவித்ரா சாவலி, பிறகு ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வுக்கூடத்துக்கு வந்தவர். முன்னோடிச் செல்களில் முசாஷி-1 என்ற புரதம் நிறைய இருக்கும். மூளை வளர அது வேண்டும். ஜிகா தன் ஆர்.என்.ஏ.வோடு அந்தப் புரதத்தைப் பிணைத்துக்கொண்டு பெருகுகிறது. வளர்ச்சிக்குத் தேவையான அதே பொருள்தான் வைரஸுக்கும் தீனி. முற்றிய நரம்பணுவில் அது அவ்வளவாக இல்லை.

நம் பக்கம் வரவில்லையா என்றால், வந்தது. 2017-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒருவர். 2018-இல் ஜெய்ப்பூர். 2021-இல் கேரளம், கான்பூர். அதே ஆண்டு மகாராஷ்டிரத்தின் முதல் நோயாளி புனே மாவட்டத்து பேல்சர் கிராமத்தில். மும்பையின் முதல் ஜிகா 2023 ஆகஸ்டில் செம்பூரில், ஒரு முதியவருக்கு. அடுத்தது குர்லாவில். காட்கோபரிலிருந்து இரண்டுமே ஆட்டோ தூரம். இருவருக்கும் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. தாதர் மார்க்கெட்டில் கறிவேப்பிலை விலை விசாரித்த அளவுக்குக்கூட அந்தச் செய்தியை யாரும் விசாரிக்கவில்லை. கர்ப்பிணிகள் இருக்கிற சால் குடியிருப்புகளில் டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்காமல் வாழ முடியாது. டெங்குவையும் ஜிகாவையும் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்த டிரம்தான் பிரசவ வார்டு. முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து டிரம்மைக் கவிழ்க்கிறார்கள். தண்ணீர் தினமும் நாள் முழுக்க வந்தால் கவிழ்க்க டிரம்மே இருக்காது என்பதை யாராவது எழுதித்தானே ஆக வேண்டும்.

கொசுவுக்கும் மூளை இருக்கிறது, அதையும் வைரஸ் விடுவதில்லை. டெங்கு தொற்றிய ஏடிஸ் ரத்தம் குடிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது என்று 1997-இல் ஒரு ஆய்வு வந்தது. அதன் மூளையிலும் வைரஸ் இருந்தது. இதற்கு மேல் போனால் பதிவு திசைமாறும்.

இனி தமிழ்நாட்டுக் கதை. 1955-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வட ஆற்காடு கிராமங்களிலிருந்து குழந்தைகள் வந்தார்கள்: காய்ச்சல், வலிப்பு, மயக்கம். குழந்தை மருத்துவர் வெப், ஷீலா பெரேராவோடு சேர்ந்து, இது பூச்சி வழி வரும் வைரஸ் மூளைக்காய்ச்சலாக இருக்க வேண்டும் என்று நோயாளியைப் பார்த்தே ஊகித்து எழுதினார். புனேயிலிருந்து டெல்ஃபோர்ட் வொர்க்கும் கீர்த்தி ஷாவும் சீரத்தைச் சோதித்து ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று உறுதி செய்தார்கள். இந்தியாவில் அந்த நோய்க்குப் பெயர் விழுந்தது அப்போதுதான். கீர்த்தி ஷா பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போய், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் பாப்பிலோமா வைரஸுக்கும் உள்ள உறவை நிறுவியவர்களில் ஒருவரானார்.

இந்த வைரஸ் மனிதரை நம்பிப் பிழைப்பதில்லை. நெல் வயலில் தேங்கும் நீரில் கியூலெக்ஸ் கொசு. வரப்பில் நிற்கும் மடையானும் கொக்கும். ஊர் ஓரத்தில் பன்றி. பறவையிலும் பன்றியிலும் அது பெருகும். மாட்டைக் கொசு விரும்பிக் கடித்தாலும் மாட்டில் பெருகாது. மனிதனில் முட்டுச்சந்து, நம் ரத்தத்திலிருந்து இன்னொரு கொசு எடுத்துப் போகும் அளவுக்கு வைரஸ் இருப்பதில்லை. மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் இதை வயலில் இறங்கி ஆராய்ந்தது. ராஜேந்திரன், ரேச்சல் ரூபன் போன்றோர் வயலில் நீரை விட்டு விட்டுப் பாய்ச்சினால் கொசுப் புழு குறையுமா என்று பார்த்தார்கள். குறையும், ஆனால் ஏரிப் பாசனத்தில் ஒருவர் வயலை மட்டும் காயப்போட முடியாது என்ற சிக்கலும் எழுந்தது. வைரஸ் ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டு என்று நினைப்பவர்களுக்கு அந்தச் சேற்றுக் கால்களைக் காட்ட வேண்டும்.

மூளைக்குள் போனதும் இந்த வைரஸுக்குப் பிடித்த இடங்கள் உண்டு. இரண்டு பக்கத் தாலமஸ், பேசல் கேங்ளியா, சப்ஸ்டான்ஷியா நைக்ரா. தாலமஸ் என்பது உடம்பிலிருந்து வரும் சேதிகள் புறணிக்குப் போகுமுன் கூடிப் பிரியும் இடம். சப்ஸ்டான்ஷியா நைக்ரா பார்க்கின்சன் நோயில் சிதைவது. ஆகவே பிழைத்த பிள்ளைகளில் சிலருக்கு எழுபது வயதுக்காரரின் நடை: உணர்ச்சியற்ற முகம், நடுக்கம், இறுகிய கைகால். தொற்றிய 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் முற்றுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். முற்றியவர்களில் முப்பது சதவீதம் வரை இறக்கலாம். மூளைக்காய்ச்சல் கண்டவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேருக்கு நிரந்தரப் பாதிப்பு. 2005-இல் கோரக்பூர் பக்கம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போன பிறகு, 2006-இல் சீனாவில் உருவான எஸ்.ஏ. 14-14-2 தடுப்பூசியை அரசு இறக்கியது. 2013-இல் கர்நாடகத்துக் கோலாரில் எடுத்த வைரஸை வைத்துச் செய்த ஜென்வாக் வந்தது. அதற்கு முன் கசௌலியில் செய்த தடுப்பூசி எதில் வளர்ந்தது தெரியுமா? எலி மூளையில்தான்.

ஹரியானா மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே அனிர்பன் பாசுவின் குழு, இந்த வைரஸ் மூளையில் புது நரம்பணுக்களைத் தருகிற முன்னோடிச் செல்களையும் முடக்குகிறது என்று 2008-இல் காட்டியது. பிழைத்த குழந்தை ஏன் பின்தங்குகிறது என்பதற்கு அது ஒரு விளக்கம். மினோசைக்ளின் என்ற பழைய, மலிவான மருந்து எலிகளைக் காப்பாற்றியது. லக்னோவில் குழந்தைகளிடம் சோதித்தபோது எலியில் கண்ட தெளிவு கிடைக்கவில்லை. எலியிலிருந்து மனிதனுக்கு வரும் பாதையில் விழுந்த மருந்துகளின் பட்டியல் நீளம்.

இப்போது அக்காவின் மகன். மூளையில் மைக்ரோகிளியா என்ற செல்கள் உண்டு; அங்கேயே குடியிருக்கும் துப்புரவுப் படை. செத்ததைத் தின்னும், வளரும் பருவத்தில் தேவையற்ற நரம்பு இணைப்புகளையும் கத்தரிக்கும். 2016-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ராபின் கிளைனின் குழு வெஸ்ட் நைல் தொற்றிலிருந்து பிழைத்த எலிகளை எடுத்துக்கொண்டது. வைரஸ் போய்விட்டது, நரம்பணுக்கள் பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன, ஆனால் எலிக்கு வழி நினைவில்லை. பார்த்தால், நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகேம்பஸில் இணைப்புகள் குறைந்திருந்தன. காம்ப்ளிமென்ட் என்ற தற்காப்புப் புரதங்கள் இணைப்புகளில் அடையாளம் வைக்க, மைக்ரோகிளியா அவற்றை விழுங்கியிருந்தது. அந்தப் புரதச் சங்கிலியில் ஒரு கண்ணி இல்லாத எலிகளுக்கு அந்த இழப்பு நேரவில்லை. வைரஸ் கிளம்பிப் போன பின்னும் நம் சொந்தப் படை வேலையை நிறுத்தவில்லை.

இதை வாசித்த அன்று அக்காவின் மகனுக்கும் இதுதான் என்று சொல்லிவிட எனக்கும் ஆசை வந்தது. ஆனால் இது வெஸ்ட் நைல், அதுவும் மூளைக்குள்ளேயே போன வைரஸ், அதுவும் எலி. பையனுக்கு வந்தது டெங்கு. வலிப்பு இல்லை, நினைவு தப்பவில்லை. டெங்குவுக்குப் பின் வாரக்கணக்கில் அசதி இருப்பதும் மனம் ஒட்டாமல் போவதும் சாதாரணம். பதினைந்து நாள் பள்ளி போகாதவனுக்குக் கணக்கு ஏறாமல் இருக்க மூளை அழற்சி வேண்டியதில்லை. "ராஜாவாடி ஆஸ்பத்திரியில ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டுங்க அக்கா, தூங்குறானா, ஹீமோகுளோபின் எவ்ளோ, தலைவலி இருக்கான்னு சொல்லுங்க" என்றேன். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தது. இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தேறிவருகிறான். எதனால் தேறினான் என்று எனக்குத் தெரியாது; மாத்திரையாகவும் இருக்கலாம், தீபாவளி லீவாகவும் இருக்கலாம்.

கொசுவின் மேல் எல்லாப் பழியையும் போடுவதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. 2024 ஜூலையில் குஜராத்தில் சண்டிபுரா வைரஸ் குழந்தைகளைக் கொன்றபோது, குஜராத்திகள் நிறைந்த எங்கள் காட்கோபர் கலங்கியது. கொசுவர்த்தி, கொசுவலை எல்லாம் பறந்து விற்றன. சண்டிபுரா மகாராஷ்டிரத்து வைரஸ். 1965-இல் நாக்பூர் பக்கத்துச் சண்டிபுராவில் எடுத்ததால் அந்தப் பெயர். அதைப் பரப்புவது மணல் ஈ, மண் சுவர் வெடிப்பில் வாழ்வது. 2003-இல் ஆந்திராவில் 329 குழந்தைகளைத் தொற்றி 183 பேரைக் கொன்றது.

கோரக்பூரிலும் பழி மாறியது. தடுப்பூசி போட்டபின் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் குறைந்தது, ஆனால் மழைக்குப் பிந்தைய சாவுகள் நிற்கவில்லை. சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் மனோஜ் முர்ஹேகர் முதலானோர் தோண்டிப் பார்த்தபோது, பெரும்பகுதி ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கும் நுண்ணிய பூச்சி பரப்பும் பாக்டீரியா அது. நேரத்தில் கொடுத்தால் டாக்ஸிசைக்ளினிலோ அசித்ரோமைசினிலோ தீரக்கூடியது. வைரஸ் என்று முடிவுகட்டியதால் எத்தனை பிள்ளைகளுக்கு அந்த மாத்திரை போகாமல் போயிற்றோ.

பீகார் முசாஃபர்பூர் இன்னும் கொடுமை. அங்கே கோடையில், லிச்சி பழுக்கும் மே-ஜூனில், விடிகாலையில் குழந்தைகள் வலிப்போடு விழுந்தார்கள். ஆண்டுக்கணக்கில் வைரஸைத் தேடினார்கள், தண்டுவட நீரை எடுத்துத் தேடினார்கள். வேலூரின் வைராலஜிஸ்ட் டி. ஜேக்கப் ஜான், அருண் ஷாவோடு போய்ப் பார்த்துவிட்டு, இது அழற்சியே இல்லை என்றார். 2014-இல் 390 குழந்தைகள் சேர்ந்தார்கள், 122 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டின் விசாரணையும் அதையே சொன்னது. இரவு சாப்பிடாமல் படுத்த பிள்ளைகள், லிச்சியில் இருக்கும் ஹைபோகிளைசின் வகை நச்சு. கல்லீரலில் சேமிப்பு தீர்ந்ததும் கொழுப்பிலிருந்து சக்தி எடுக்கும் வழியை அந்த நச்சு அடைத்துவிடுகிறது. ரத்தத்தில் சர்க்கரை விழுகிறது. மூளைக்குச் சுவரில் தனி வாசல் வைத்து வரவேற்கப்படும் அந்த முக்கிய எரிபொருள் தீர்ந்துபோகிறது. நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிய குழந்தை லிச்சி தின்றாலும் விழவில்லை.

மூளையில் தேடிக் கிடைக்காத பதில் விரல் நுனிச் சொட்டு ரத்தத்தில் இருந்திருக்கிறது. தலைப்பில் நான் அலட்டியதற்கு இது மறுப்பு என்று நீங்கள் சொல்லலாம், சொல்லுங்கள். காய்ச்சலில் வலிப்பு வந்த குழந்தையிடம் முதல் அரை மணியில் ரத்தத்தில் பார்க்க வேண்டியவை சர்க்கரை, சோடியம், மலேரியா ஸ்லைடு. மூன்றுக்கும் உடனே செய்ய வைத்தியம் இருக்கிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கோ சண்டிபுராவுக்கோ வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை.

ஆகவே இந்த மழையில் யாராவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராஜாவாடிக்கோ சயான் ஆஸ்பத்திரிக்கோ ஓடினால், வாசலில் டாக்டரிடம் பிளேட்லெட் எண்ணை மட்டும் ஒப்பிக்க வேண்டாம். கடைசியாக எப்போது சாப்பிட்டான், எத்தனை மணிக்கு வலிப்பு வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, காய்ச்சல் எத்தனை நாள், சமீபத்தில் ஊருக்குப் போய் வந்தானா, வயல்பக்கமா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி போட்டிருக்கிறதா என்று சொல்லுங்கள். முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்றால் கையெழுத்துப் போடுங்கள். வீக்கம் அதிகமாக இருந்தால் அவர்களே ஸ்கேன் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள். எனக்கு வாட்ஸ்அப் அனுப்புவதெல்லாம் அப்புறம்.